கேப்பும் ரவையும்: ஸ்ரீவராகத்தில் அன்றும் இன்றும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், தோட்டாவில் உங்களுக்கு எந்தக் கம்பெனி பிடிக்கும் என்று கேட்டேன். “கிட்டுறதை வாங்குவேன் சாரே. பிடிக்கிறது, பிடிக்காதது எல்லாம் எங்க அப்பூப்பன் காலத்தோட போச்சு” என்றார். அந்த அப்பூப்பனிடம், அதாவது தாத்தாவிடம், இதே கேள்வியைப் போட்டிருந்தால் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருப்பார். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு ஒரு கம்பெனி, எல்லாவற்றையும் அடைக்கும் கூடு ஒரு கம்பெனி, மருந்து இன்னொன்று, ரவை என்கிற ஈய உருண்டைகள் வேறொன்று. தோட்டாவைக் கடையில் முழுசாக வாங்காமல் வீட்டு மேஜையில் கெட்டித்துக்கொண்ட காலம் அது.

ஸ்ரீவராகம் என்றதும் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது லட்சுமி வராகர் கோவிலும் பக்கத்துப் பெரிய குளமும்தான். பத்மநாப சுவாமி கோவிலில் தொழுதுவிட்டு நடந்தே வந்துவிடலாம். ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழும் தெருக்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வரும் பேச்சு. இங்கே துப்பாக்கிக்கு என்ன சோலி என்று தோன்றலாம். ஆனால் கோட்டையைச் சுற்றிய பகுதி வெகுகாலம் பட்டாளத்தோடு வாழ்ந்த பகுதி. கிழக்கே கோட்டைக்கு வந்து இறங்குகிறவர்கள் தேங்காய் உடைக்கும் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலை இன்றும் பார்த்துக்கொள்வது இந்திய ராணுவம். அது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் நாயர் பட்டாளம் கும்பிட்ட பிள்ளையார். பட்டாளம் மதராஸ் ரெஜிமெண்டோடு சேர்ந்தபோது பிள்ளையாரும் ராணுவத்தின் பொறுப்புக்குப் போய்விட்டார்.

மருந்தும் குண்டும் இந்த ராஜ்ஜியத்துக்கு அதற்கும் முன்பே பழக்கம். 1741-இல் குளச்சலில் டச்சுப்படை தோற்ற பிறகு மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிக்குச் சேர்ந்த டி லனாய், தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் வார்ப்படச் சாலை வைத்துப் பீரங்கி செய்வித்தார். 1777-இல் இறந்த அவருடைய சமாதி அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு பீரங்கி பார்த்த ராஜ்ஜியத்தில், பத்மநாப சுவாமியின் பள்ளிவேட்டைக்கு மட்டும் வில்தான். உற்சவத்தில் ஒரு ராத்திரி, கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனைப் பக்கம் ஊர்வலம் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அரச குடும்பத்து மூத்தவர் இளநீரின் மேல் அம்பு எய்வார். படை எத்தனை தடவை துப்பாக்கியை மாற்றினாலும் சாமி மாற்றவில்லை.

பெரியவரின் அப்பூப்பன் பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். அவருடைய தேக்குப் பெட்டி ஒன்றைப் பரணில் இருந்து இறக்கிக் காட்டினார். துப்பாக்கி எப்போதோ கைமாறிப் போய்விட்டது, பெட்டி நின்றுவிட்டது. உள்ளே பித்தளையும் மரமுமாகச் சில சாமான்கள். முதலில், சுட்டு முடித்த கூட்டின் அடியில் இருக்கும் பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்தி உட்கார வைக்கும் கைக்கருவி. பாக்குவெட்டி மாதிரி இரண்டு கை, நடுவே ஒரு முளை. அடுத்து இருபுறமும் வாய் வைத்த அளவுக் கோப்பை. ஒரு பக்கம் மருந்துக்கு டிராம் கணக்கு, மறுபக்கம் ரவைக்கு அவுன்ஸ் கணக்கு, நடுவே இழுத்து நிறுத்தும் வளையம். வழவழப்பேறிய மரக்குச்சி ஒன்று, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் தக்கையை இறுக்க. காகிதம் சுற்றிய கட்டுகளில் கம்பளித் தக்கைகள், பாதி பூச்சி தின்றவை. எல்லாவற்றுக்கும் கீழே, மேஜை விளிம்பில் திருகிப் பூட்டுகிற ஒரு சின்ன இயந்திரம். காகிதத் தோட்டாவை அதில் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் கூட்டின் வாய் உள்பக்கமாக மடிந்து ரவையை அடைத்துக்கொள்ளும். கூட்டைத் தாங்கும் தலையின் உள்ளே காகிதம் தேய்த்துத் தேய்த்து ஒரு பளபளப்பு. இரும்பில் அவ்வளவு பளபளப்பு வர எத்தனை நூறு தோட்டா போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வட்டத் தகர டப்பா ஒன்றும் இருந்தது. மூடியில் எழுத்து பாதி அழிந்திருந்தாலும் எலி என்ற பெயர் படிக்கக் கிடைத்தது.

எலி என்பது 1828-இல் லண்டனில் தொடங்கிய சகோதரர்களின் கம்பெனி. இன்னொரு பெரிய பெயர் பர்மிங்காம் அருகே விட்டனில் 1862-இல் ஜார்ஜ் கைனாக் தொடங்கிய கைனாக். ஆரம்ப நாட்களில் எலி, ரவை நிரப்பிய தோட்டாவை அதிகம் விற்கவில்லை. கேப்பு பொருத்திய வெறுங்கூட்டைத்தான் விற்றது. துப்பாக்கி செய்கிற கடைக்காரர்கள் அதில் தங்கள் கைவரிசையில் மருந்தும் ரவையும் இட்டுத் தங்கள் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள். சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்ற கடை. ஓக்ஸ் கம்பெனியும் அப்படியே. கடைக்காரர் கெட்டித்த தோட்டாவை நம்பாத ஆள் வெறுங்கூடாக வாங்கி வந்து வீட்டில் கெட்டித்துக்கொண்டார்.

ஏன் நம்பவில்லை? இந்த ஊர் மழைதான் காரணம். இடவப்பாதி தொடங்கினால் தீப்பெட்டியே நமுத்துப்போகிற ஊரில் காகிதக் கூடு என்ன பாடுபடும்? ஈரம் குடித்து உப்பிவிடும். உப்பிய தோட்டா குழலின் அடிவாயில் நுழையாது. நுழைந்தாலும் சுட்டபின் வெளியே வராது. காட்டுப்பன்றி எதிரே நிற்கும்போது துப்பாக்கியை மடித்துவைத்துக்கொண்டு கத்தியால் கூட்டைக் குடைந்து எடுக்கிற வேலை யாருக்கு வேண்டும்? அதனால் வெப்பநாடுகளில் வேட்டையாடியவர்கள் பலர் பித்தளைக் கூட்டுக்குப் போனார்கள். கைனாக்கின் ‘பெர்ஃபெக்ட்’ என்ற மெல்லிய பித்தளைக் கூடு அந்தக் காலத்தில் பேர்போனது. பித்தளை மெல்லியதாகையால் உள்விட்டம் கூடும், அதற்கென்றே கொஞ்சம் பெரிய தக்கை வாங்கவேண்டும். காகிதக் கூட்டுத் தக்கையைப் பித்தளையில் போட்டால் இளகி, மருந்தின் வேகம் ஓரத்தில் கசிந்துபோகும். இப்படி ஒரு சாமானைத் தேர்ந்தால் அது இன்னொன்றைத் தேர்ந்துவைத்துவிடும். கூடு மாறினால் தக்கை மாறும், மருந்து மாறினால் கோப்பைக் கணக்கு மாறும்.

மருந்து விஷயத்தில்தான் பிடிவாதம் மிகுதி. வெளியே இருந்து பார்த்தால் வெறும் கம்பெனிப் பெருமை என்று தோன்றும். உண்மையில் அது விரல்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. கருமருந்து இருந்தவரை எல்லாம் எளிது, கோப்பையால் அளந்து கொட்டினால் போதும். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் புகையில்லா மருந்துகள் வந்தன. ஷுல்ட்ஸே, ஈ.சி. போன்றவை கருமருந்தின் அதே கொள்ளளவுக்கு ஒத்துப்போகும்படி செய்யப்பட்டவை. பழைய கோப்பையே போதும். ஆனால் நோபெல் 1887-இல் காப்புரிமை பெற்ற பாலிஸ்டைட் போன்றவை அடர்த்தி மிக்கவை, தராசில் நிறுத்துத்தான் போடவேண்டும். கருமருந்துக் கோப்பையில் அடர்மருந்தை அதே கோடுவரை அளந்தவர்களின் குழல் வெடித்தது, சிலரின் கை போனது. ஆகவே ஒரு மருந்துக்குப் பழகிய வீட்டில் இன்னொரு மருந்து டப்பாவை உள்ளே விடமாட்டார்கள். கர்ட்டிஸ் அண்ட் ஹார்வியின் ‘ஸ்மோக்லெஸ் டயமண்ட்’ பிடித்த வீட்டில் அதுவேதான். கையெழுத்து படிக்கத் தெரியாத எடுபிடியும் டப்பாவின் நிறத்தை வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டுமே.

ரவையிலும் பேதம் உண்டு. சுத்த ஈயம் மிருது, குழலுக்குள் உரசித் தட்டையாகி, வெளியே வந்ததும் தாறுமாறாகப் பறக்கும். ஆன்டிமனி கலந்த கெட்டி ரவை உருண்டை குலையாது, கூட்டமாகப் போகும். ஆனால் விலை கூடுதல். நம்பர் கணக்கு தனி. எல்.ஜி. என்றால் ஒரு அவுன்ஸுக்கு 6 உருண்டை, எஸ்.ஜி. என்றால் 8. இவை பன்றிக்கும் மானுக்கும். 4, 6 என்று நம்பர் ஏறினால் ரவை சிறுக்கும், காட்டுக்கோழிக்கும் கொக்குக்கும் ஆகும். 12 போர் என்ற பெயரும் இப்படி ஒரு ஈயக் கணக்குதான். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டை செய்தால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ அதுவே குழலின் விட்டம்.

தோட்டாவின் உட்பொருளைச் சொந்த விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம் என்று அரசாங்கமே ஓர் உத்தரவு போட்டதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கத்து டம்டம்மில், என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசியிருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அதைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். அந்த மாத இறுதியிலேயே, கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், உங்களுக்குப் பிடித்த பூச்சை நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி அரசு இறங்கிவந்தது. ஆனால் சலுகை என்று கொடுத்ததைச் சிப்பாய்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள்? ஏப்ரல் 24-ஆம் தேதி மீரட்டில் 90 குதிரைவீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10-ஆம் தேதி கிளர்ச்சி. அதன் பிறகு வெள்ளைக்காரனுக்கு இந்தியன் கையில் தோட்டா என்றாலே ஒரு கண். 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்து, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் என்பது நிலைத்தது.

திருவனந்தபுரத்தில் தோட்டாவை மிக நுணுக்கமாகக் கெட்டித்திருக்கக்கூடியவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர் என்பது என் எண்ணம். மியூசியத்துக்காரர்கள்தான். நாயர் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து பிறகு இங்கே மியூசிய இயக்குநரான எச்.எஸ். ஃபெர்கூசன், திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியவர். 1933-இல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்காகப் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது இந்த மியூசியத்து என்.ஜி. பிள்ளை உடன் போனார். அந்நாளில் பறவையை இனம் பிரித்து எழுத வேண்டுமென்றால் தோலை உரித்துப் பாடம் செய்தாக வேண்டும். எல்.ஜி. ரவையால் ஒரு தேன்சிட்டைச் சுட்டால் இறகுகூட மிஞ்சாது. அதற்கென்று தூசி போன்ற ரவையும் குறைந்த மருந்தும் வைத்த தோட்டா வேண்டும், கடைகளில் சுலபமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல அது. சேகரிப்பவர் கையளவைத்தான் நம்பவேண்டும். மருந்து ஒரு சிட்டிகை கூடினால் மாதிரி போச்சு, குறைந்தால் பறவை போச்சு. கேரளப் பறவைகளைப் பற்றி இன்று நாம் படிக்கிற புத்தகங்களின் அடியில் இந்தக் கைப்பக்குவம் கிடக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்நியச் செலாவணி இறுகியது, சீமைத் தோட்டா அருகியது. 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்து 1962-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தோட்டா மட்டுமல்ல, தோட்டாவின் பகுதிகளும் தோட்டாதான். பெட்டியில் கிடக்கும் கேப்பு ஒரு டப்பா நிறைந்திருந்தால் அதுவும் கணக்குக் காட்டவேண்டிய சரக்கு. தயாரிக்க வேண்டுமானால் தனி லைசென்ஸ். வீட்டு மேஜையில் கெட்டிப்பது மெல்ல மெல்ல ஆபத்தான பொழுதுபோக்காயிற்று, பிறகு பொழுதுபோக்காகவும் இல்லாமல் போயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே முடித்துவைத்தது. கெட்டிக்கும் சாமானுக்கு இனி வேலையில்லை. அது நல்லதுதான், அந்தக் காலத்து வேட்டைக் கதைகளைப் படிக்கும்போது எத்தனை உயிர் வீணாகச் செத்திருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனாலும் பெட்டியில் இருந்த அந்தத் தேர்ச்சி வேறெந்த வேலைக்கும் மாறாமல் அப்படியே அற்றுப்போனது என்பதும் உண்மை.

மிச்சமிருந்த லைசென்ஸ்தாரர்களுக்குத் தோட்டா வந்தது புனே அருகே கட்கியில் இருந்து. 1869-இல் வெள்ளைக்காரன் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை அது. அங்கே உருவான 12 போர் தோட்டாவின் பெயர் சக்திமான். ரைஃபிள் தோட்டாவின் அடித்தட்டைத் திருப்பினால் கே.எஃப். என்ற இரண்டு எழுத்து. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, கட்கி ‘முனிஷன்ஸ் இந்தியா’ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் போயிற்று. கம்பெனி பெயர் மாறியதே தவிர வாங்குகிறவர் நிலைமை மாறவில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் வருஷத்துக்கு இத்தனை என்று எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள், கடைக்கு வந்த அன்று, வந்த நம்பரில் வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். எல்.ஜி. கேட்டால் 4-ஆம் நம்பர் இருக்கிறது என்பார்கள். பன்றிக்கு வாங்க வந்தவர் கொக்குக்கான ரவையோடு திரும்புவார். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஓர் ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கியை 3-இல் இருந்து 2 ஆக்கினார்கள். பெரியவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அலமாரியில் தூங்குகிறது.

மருந்தைக் கையால் கெட்டிக்கும் வேலை அடியோடு போய்விடவில்லை. கோவில்களில் இருக்கிறது. கேரளத்தில் வெடி வழிபாடு தெரியாதவர் இல்லை. கதினா என்கிற கனத்த இரும்புக் குழாய்களில் கருமருந்தை நிரப்பி, இடித்து இறுக்கி, வரிசையாக மண்ணில் நிறுத்தியிருப்பார்கள். சீட்டு வாங்கினால் மைக்கில் பெயர் சொல்லி வெடிப்பார்கள். இங்கே கம்பெனி கிடையாது, பிராண்டு கிடையாது, ஆளின் கை மட்டும்தான். 2023 ஜனவரி 2-ஆம் தேதி சபரிமலை மாளிகைப்புறத்தில் கதினா நிரப்பும் இடத்தில் வெடித்து ஊழியர்களுக்குப் பலத்த தீக்காயம், உயிர்ச்சேதமும் ஆயிற்று. 2016 ஏப்ரல் 10-ஆம் தேதி கொல்லம் அருகே பரவூர் புற்றிங்கல் கோவிலில் வாணவேடிக்கைச் சரக்கு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்ததை மறந்திருக்கமாட்டோம். துப்பாக்கி உள்ளவரிடம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்கிற நாட்டில், மூட்டை மூட்டையாக மருந்து கோவில் வளாகத்தில் கிடந்தது. நமக்கு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது.

தேர்ந்து வாங்குகிற சுகம் இன்று வேறொரு இடத்தில் இருக்கிறது. ஸ்ரீவராகத்தில் இருந்து பஸ் ஏறினால் நகரின் மறுகோடியில் வட்டியூர்க்காவு. 2015-இல் கேரளத்தில் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கே கட்டிய ரேஞ்சில்தான் நடந்தன. டோக்கியோ பாராலிம்பிக்கில் ரைஃபிள் பிரிவில் இந்தியாவுக்காக இறங்கிய சித்தார்த்த பாபு இந்த ஊர்க்காரர். பிள்ளைகள் பெரும்பாலும் தொடங்குவது 10 மீட்டர் ஏர் பிஸ்டலிலும் ஏர் ரைஃபிளிலும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை என்று 2016 ஆயுத விதிகள் சொல்வதால் பெற்றோருக்கும் நிம்மதி.

ஓர் ஏர் ரைஃபிள் பெல்லட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். அரை கிராம் சொச்சம் ஈயம். இடுப்பு சிறுத்த குட்டி உடுக்கை. தலை தட்டை, வால்பக்கம் உள்ளீடற்ற பாவாடை. சாதா பெல்லட் டப்பாவில் கலகலவென்று கிடக்கும். போட்டிக்கு உரியதோ ஒவ்வொன்றும் தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும், பாவாடை ஒன்றோடொன்று முட்டி நசுங்கக்கூடாதே. டப்பாவின் அடியில் ஒரு சீட்டு. தலை விட்டம் 4.49, 4.50 என்று எழுதியிருக்கும், கூடவே எந்த ஈட்டில், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியில், செய்தது என்ற எண். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், செக் நாட்டு ஜே.எஸ்.பி., சீனத்துச் சியாங் யுவான். இந்த நாலைந்து பெயருக்குள்தான் எல்லா வாதமும். “அந்தக் குழலுக்கு 4.49 தான் செட் ஆகும்” என்று பதின்மூன்று வயசுப் பெண் பிள்ளை தன் கோச்சோடு வாதாடுவதைக் கேட்டால் அப்பூப்பன் பெட்டிக்குள் இருந்து எழுந்து வந்துவிடுவார். விஷயம் விளையாட்டல்ல. ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். குழலைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொரு ஈட்டில் இருந்தும் சில சுட்டுப் பார்த்து, துளைகள் எதில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றனவோ அந்த ஈட்டு எண்ணையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

50 மீட்டர் ரைஃபிளுக்கு உரிய .22 தோட்டாவில் இது இன்னும் தீவிரம். அந்தத் தோட்டாவைத் திரும்பக் கெட்டிக்கவே முடியாது. கேப்பு என்று தனியாக இல்லை, வெடிக்கும் பொருள் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசியிருக்கும், ஒருமுறை அடித்தால் விளிம்பு நசுங்கிவிடும். அப்படியானால் சுடுகிறவர் கையில் மிஞ்சுவது தேர்வு மட்டுமே. எலி ‘டெனெக்ஸ்’, ஆர்.டபிள்யூ.எஸ்., லாப்புவா மூன்றும் தங்கள் சோதனைக் கூடங்களைத் திறந்து வைத்திருக்கின்றன, உலகமெங்கும் இருந்து வீரர்கள் ரைஃபிளோடு போய் ஈட்டு பார்த்து வாங்குகிறார்கள். அப்பூப்பன் டப்பாவில் இருந்த அதே எலி. பழைய ஆள் தனக்கு வேண்டியதைக் கலந்து பார்த்தார், புதிய ஆள் பிறர் கலந்ததைப் பிரித்துப் பார்க்கிறார். கை வேலை போய்க் கண் வேலையாக மாறியிருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் உலக மேடைக்குப் போய் நிற்பதில் இந்தக் கண் வேலைக்கும் பங்கு உண்டு. ஆனால் சரக்கு அத்தனையும் வெளிநாடு. ஒரு வருஷம் கப்பல் தாமதித்தால் பிள்ளைகள் பழைய டப்பாவைச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள்.

வீட்டில் கெட்டிப்பது ஒரு வாழ்க்கைமுறையாகவே இருக்கிற நாடு அமெரிக்கா. கராஜில் ஒரு மேஜை, அதில் பூட்டிய ஒரு பிரஸ். கலிஃபோர்னியாவின் ஓரொவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943-இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். பச்சை நிறம். விஸ்கான்சினில் ரிச்சர்டு லீ 1958-இல் தொடங்கிய லீ சிவப்பு, விலை மலிவு. டில்லன் நீலம், வேகம் அதிகம், விலையும் அதிகம். நம்மூர்க் கட்சிக்கொடிகளைப் போலவே நிறத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம், அப்பா பச்சை என்றால் பிள்ளையும் பச்சை. கேப்பில் சி.சி.ஐ.யா ஃபெடரலா, கூட்டில் லாப்புவாவா ஸ்டார்லைனா என்று தகராறு. இதில் ஒரு வேடிக்கை, அமெரிக்கர்கள் சுலபமாகக் கெட்டிப்பதற்கு வழிசெய்த கேப்பு முறை எட்வர்டு பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரியினுடையது. கெட்டிக்கச் சிரமமான முறை ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கருடையது, அதை எடுத்துக்கொண்டவர்கள் ஐரோப்பியர்கள். 2020-இல் கொரோனா வந்து கேப்பு அலமாரிகள் காலியாகி, தட்டுப்பாடு வருஷக் கணக்கில் நீண்டது. அப்போது பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி எல்லோரும் எந்தக் கேப்பு வந்தாலும் வரிசையில் நின்று வாங்கினார்கள். தட்டுப்பாடு வந்தால் அமெரிக்கனும் ஸ்ரீவராகத்துக்காரன்தான்.

இப்போது கேரளத்தில் லைசென்ஸ் துப்பாக்கிக்கு மறுபடி ஒரு வேலை வந்திருக்கிறது. யாரைச் சுட என்று பார்த்தால் வராகரின் இனத்தையே. காடு ஒட்டிய கிராமங்களில் காட்டுப்பன்றி மரவள்ளியையும் வாழையையும் கிளறிப்போடுகிறது, பைக்கில் போகிறவர் மேல் பாய்கிறது. தீங்குயிர் என்று அறிவியுங்கள் என்று மாநில அரசு பலமுறை கேட்டும் மத்திய அரசு இசையவில்லை. 2022 மே மாதம் கேரள அமைச்சரவை ஒரு வழி கண்டது. பஞ்சாயத்துத் தலைவரும் நகராட்சித் தலைவரும் மேயரும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்கள். அவர்கள் உத்தரவு கொடுத்தால் லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். விஷம், வெடி, மின்கம்பி கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, காரணம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத கைகள் கெட்டிக்கும் ஒரு சரக்கு உண்டு, பன்னிப்படக்கம் என்று பெயர், தின்பண்டத்துக்குள் வெடியை வைப்பது. 2020 மே மாதம் மன்னார்க்காடு பக்கம் அப்படி ஒன்றைக் கடித்த சினை யானை வாய் சிதைந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே 27-ஆம் தேதி செத்தது.

உத்தரவு வந்துவிட்டது, ஆள் எங்கே? சுட அழைக்கப்படும் லைசென்ஸ்தாரர்கள் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அப்பன் பாட்டன் லைசென்ஸைக் கைமாற்றி வைத்திருப்பவர்கள். ஸ்ரீவராகப் பெரியவரையும் உறவினர் ஒருவர் நெடுமங்காட்டுப் பக்கம் கூப்பிட்டார். ராத்திரி கண் சரியாகத் தெரியாது என்று மறுத்துவிட்டார். போகிறவர்கள் சில தோட்டாக்களை மட்டும் எடுத்துப் போகிறார்கள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிறகு கணக்கு எழுதவேண்டும், கோட்டா தீர்ந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். எல்.ஜி. வேண்டுமென்று தெரியும், எந்த ரவை எத்தனை தூரம் பாயும் என்பதும் தெரியும், கடையில் அது வந்திருக்கிறதா என்பதுதான் தெரியாது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதுவும் இல்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டு எண்ணி முடிகிறவரை துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில், பன்றி மரவள்ளித் தோட்டத்தில்.